ரெவிட்டில் டக்ட், பைப் மையக்கோடு: ஏன் வரவில்லை, எங்கே வர வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் அலுவலகக் கட்டடத்தின் ஏசி டக்ட் (காற்றுக் குழாய்), குளிர்நீர் பைப், கழிவுநீர் பைப் மூன்றையும் ரெவிட் என்ற கட்டட மாடல் மென்பொருளில் வரைந்திருக்கிறீர்கள். சைட்டில் வேலை செய்வதற்கான ஷாப் டிராயிங்கைப் பார்த்த கன்சல்டண்ட், எல்லாவற்றுக்கும் சென்டர்லைன், அதாவது மையக்கோடு, காட்டுங்கள் என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். நீங்களும் ஆன் செய்தீர்கள். டக்ட்டில் வந்தது, பைப்பில் வரவில்லை. டக்ட்டிலும் ஒவ்வொரு எல்போவிலும், அதாவது வளைவுத் துண்டிலும், கோடு அறுந்து நிற்கிறது. எந்த டிக்கைப் போட மறந்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், வந்த இடத்திலும் படம் முழுக்கக் கோடாகி எதுவும் புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, என்னைப் பொறுத்தவரை அதுதான் பெரிய கேள்வி. எல்லாவற்றுக்கும் காட்டத்தான் வேண்டுமா என்பது அது. முதலில் டிக் பற்றிச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

நான் ஆட்டோகேட்டில் எம்.இ.பி. (ஏசி, மின்சாரம், பிளம்பிங்) டிராஃப்ட்ஸ்மேனாக ஆரம்பித்தவன். கடந்த பதினொரு வருடமாக ரெவிட்டில் ஷாப் டிராயிங்கும் கோஆர்டினேஷனும் செய்கிறேன், பெரும்பாலும் வளைகுடா நாட்டுக் கட்டடங்களுக்கு. உங்கள் கோப்பை நான் பார்க்கவில்லை. அதனால் மென்பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை உறுதியாகச் சொல்வேன். உங்கள் மாடலில் அது எந்தக் காரணத்தால் நடந்தது என்பது என் ஊகம்தான். ஃபேப்ரிகேஷன் பார்ட்ஸ் என்ற தனிப் பிரிவில் எனக்கு அனுபவம் குறைவு. அதில் வரைந்திருந்தால் அதற்கென்று தனிக் கேட்டகரிகள் (பொருள் வகைகள்) உண்டு, அங்கே போய்ப் பாருங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பைப்பில் வராததற்குப் பெரும்பாலும் டீட்டெய்ல் லெவல் (எவ்வளவு நுணுக்கமாகக் காட்ட வேண்டும் என்ற அமைப்பு) காரணமாக இருக்கும். ரெவிட்டில் கோர்ஸ், மீடியம், ஃபைன் என்று மூன்று நிலைகள். டக்ட் கோர்ஸில் ஒற்றைக் கோடாகவும், மீடியம், ஃபைன் இரண்டிலும் இரட்டைக் கோடாகவும் தெரியும். பைப் அப்படி இல்லை. கோர்ஸிலும் மீடியத்திலும் ஒற்றைக் கோடு. ஃபைனில் மட்டும்தான் இரட்டைக் கோடு. மையக்கோடு என்பது இரண்டு ஓரங்களுக்கு நடுவில் வருவது. ஓரமே வரையாத இடத்தில் நடுவுக்கு ஏது கோடு? உங்கள் வியூ (மாடலிலிருந்து எடுக்கும் படம்) மீடியத்தில் இருந்தால் நீங்கள் சொன்னபடியேதான் நடக்கும்: டக்ட்டில் மையக்கோடு வரும், பைப்பில் வராது. இன்னொரு குழப்பமும் இதிலிருந்துதான் கிளம்புகிறது. ஒற்றைக் கோடாகத் தெரியும் பைப் நடு அச்சில்தான் ஓடுகிறது, பார்த்தால் மையக்கோடு மாதிரியே இருக்கும். ஆனால் அது பைப்பின் சொந்தக் கோடு. சென்டர்லைன் என்ற உட்பிரிவுக்கு நீங்கள் கொடுக்கும் நிறமும் கோட்டு வகையும் அதைத் தொடாது. சென்டர்லைனை ஆஃப் செய்தாலும் அது போகாது. இதைத் தெரியாமல் அரை நாள் அந்தப் பெட்டியோடு போராடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி செய்ய இரண்டு வழி. முழு வியூவையும் ஃபைனுக்கு மாற்றலாம். அல்லது விசிபிலிட்டி கிராஃபிக்ஸ் பெட்டியில், அதாவது விஜி என்று தட்டினால் திறப்பதில், வலது ஓரத்தில் டீட்டெய்ல் லெவல் என்றொரு பத்தி இருக்கிறது. அங்கே பைப்புக்கு மட்டும் ஃபைன் கொடுக்கலாம். இந்த இரண்டாவது வழியில் கவனம் வேண்டும். பைப், பைப் ஃபிட்டிங், பைப் ஆக்சஸரி மூன்றும் தனித்தனி கேட்டகரி. பைப்பை மட்டும் மாற்றினால் நேர் பைப் இரட்டைக் கோடாகும். எல்போவும் வால்வும் ஒற்றைக் கோட்டிலேயே நின்றுவிடும். படம் பல் விழுந்த சீப்பு மாதிரி ஆகிவிடும். மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். டக்ட் பக்கம் டேம்பர்கள் (காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மடல்கள்) டக்ட் ஆக்சஸரியில் வரும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஃபைனுக்கு மாற்றுவதற்கு முன் தாளின் அளவை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். 25 மி.மீ. இரும்பு பைப்பின் வெளிவிட்டம் கிட்டத்தட்ட 33 மி.மீ. அது 1:100 அளவில் தாளில் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். அந்த இடத்துக்குள் இரண்டு ஓரக் கோடும் ஒரு மையக்கோடும் எப்படிப் போகும்? அச்சில் மூன்றும் ஒட்டிக்கொண்டு ஒரு தடித்த கறுப்புக் கோடாகத்தான் வரும். படம் முழுக்கக் கோடாகிவிட்டது என்று நீங்கள் சொன்னதில் பாதி இதனால் இருக்கலாம். நான் 1:100 படத்தில் சிறிய பைப்புகளை ஒற்றைக் கோட்டிலேயே விட்டுவிடுவேன். அந்த ஒற்றைக் கோடே மைய அச்சில்தான் இருக்கிறது என்பதால் சைட்டுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. பம்ப் ரூம், சில்லர் பிளாண்ட், ஷாஃப்ட் (பைப்புகள் மேலும் கீழும் போகும் இடைவெளி) போன்ற 1:50, 1:25 படங்களில்தான் பைப்பை ஃபைனில் வைத்து மையக்கோடு காட்டுவேன்.

இப்போது டிக். விஜி பெட்டியில் மாடல் கேட்டகரிகள் பட்டியலில் டக்ட்ஸ் பக்கத்திலுள்ள பிளஸ் குறியை விரித்தால் சென்டர் லைன், டிராப், ரைஸ் என்று உட்பிரிவுகள் வரும். டக்ட் ஃபிட்டிங்ஸ், ஃப்ளெக்ஸ் டக்ட்ஸ், பைப்ஸ், பைப் ஃபிட்டிங்ஸ், ஃப்ளெக்ஸ் பைப்ஸ் ஒவ்வொன்றிலும் சென்டர் லைன் தனியாக இருக்கிறது. ஒன்றில் போட்ட டிக் இன்னொன்றுக்குப் போகாது. எல்போவில் அறுந்து நிற்பதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான்: டக்ட்ஸில் டிக் இருக்கிறது, டக்ட் ஃபிட்டிங்ஸில் இல்லை. பெட்டி முழுவதும் மங்கலாகி, எதையும் தொட முடியவில்லை என்றால் அந்த வியூவில் ஒரு வியூ டெம்ப்ளேட் (பல வியூக்களுக்குப் பொதுவான அமைப்புத் தொகுப்பு) பூட்டப்பட்டிருக்கிறது. அப்போது டெம்ப்ளேட்டுக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும். அதை மாற்றினால் அதே டெம்ப்ளேட்டைப் பயன்படுத்தும் எல்லா வியூவும் மாறும் என்பதை மறக்காதீர்கள். டெம்ப்ளேட்டைப் பிய்த்துவிட்டு இந்த ஒரு வியூவில் மட்டும் ஆன் செய்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். அடுத்த மாதம் வேறொருவர் டெம்ப்ளேட்டைத் திரும்பப் போட்டதும் உங்கள் மையக்கோடு சத்தமில்லாமல் காணாமல் போகும், படம் அப்படியே வெளியே போய்விடும். சோதித்துப் பார்க்க மட்டும் என்றால் டெம்பரரி வியூ ப்ராப்பர்ட்டீஸ் போதும்.

டக்ட் ஃபிட்டிங்ஸில் டிக் இருந்தும் எல்போவில் கோடு இல்லையென்றால் அதன் ஃபேமிலியை, அதாவது அந்த எல்போவின் மூல வார்ப்பை, திறந்து பார்க்க வேண்டும். நேர் டக்ட்டுக்கு மையக்கோட்டை ரெவிட் தானாகவே வரைகிறது. ஃபிட்டிங்கில் பெரும்பாலும் ஃபேமிலி செய்தவர் அதை வரைந்து வைத்திருக்க வேண்டும். ரெவிட்டோடு வரும் பொதுவான எல்போ, டீ எல்லாம் ஒழுங்காக இருக்கும். உற்பத்தியாளர் தளங்களிலிருந்து இறக்கியவற்றில் வெறும் உருவம் மட்டும் அழகாக இருக்கும். உள்ளே மையக்கோடு இருக்காது. அல்லது கோடு இருக்கும், ஆனால் சென்டர்லைன் உட்பிரிவில் போடாமல் வேறு எதிலோ போட்டிருப்பார்கள். திருத்துவது கடினமில்லை. ஃபேமிலி எடிட்டரில் ஒரு கனெக்டரின் (இணைப்பு முனையின்) நடுவிலிருந்து இன்னொன்றின் நடுவுக்கு மாடல் லைன் வரைந்து, அதன் உட்பிரிவைச் சென்டர் லைன் என்று மாற்றி, எந்த டீட்டெய்ல் லெவலில் தெரிய வேண்டும் என்பதையும் கொடுக்க வேண்டும். டக்ட் ஃபிட்டிங் என்றால் மீடியம், ஃபைன். பைப் ஃபிட்டிங் என்றால் ஃபைன் மட்டும். வளைவு எல்போவில் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஏனென்றால் கோணமும் ஆரமும் மாறும்போது அந்த வில்லும் கூடவே மாற வேண்டும். ஒரு நகலில் செய்து, 30, 45, 90 டிகிரி மூன்றிலும் வளைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு புராஜெக்ட்டில் ஏற்றுங்கள்.

இந்த இடத்தில் பலர் ஒரு குறுக்கு வழியைப் பிடிக்கிறார்கள். அதைப் பற்றித்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அறுந்த இடங்களில் டீட்டெய்ல் லைன், அதாவது மாடலோடு சேராமல் அந்தப் படத்தில் மட்டும் இருக்கும் கோடு, எடுத்துக் கையால் ஒட்டிவிடுவது. அச்சில் வித்தியாசமே தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம், ஒரு மருத்துவமனைக் கட்டடத்தின் தளப் படத்தில் நானே அப்படிச் செய்தேன். மெயின் டக்ட்டின் மையக்கோட்டை டீட்டெய்ல் லைனாக முழுநீளமும் வரைந்து, கிரிட்டிலிருந்து (தூண் வரிசைக் கோட்டிலிருந்து) அந்தக் கோட்டுக்கு டைமென்ஷனும் போட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு பீம் ஆழமாகிவிட்டதால் டக்ட்டை 150 மி.மீ. தள்ளினோம். டக்ட் தள்ளியது, எல்போ தள்ளியது. என் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. டைமென்ஷனும் பழைய எண்ணையே காட்டியது. அகலமான டக்ட், அதனால் கோடு டக்ட்டுக்கு உள்ளேதான் இருந்தது, யார் கண்ணிலும் படவில்லை. சைட்டில் அந்த எண்ணைப் பார்த்து மூன்று சுவர்களில் துவாரம் விட்டுக் கட்டிவிட்டார்கள். பிறகு மூன்றையும் இடித்து, பக்கவாட்டில் விரித்து, தீ பரவாமல் துவாரத்தை அடைக்கும் வேலையை மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. அந்த மேஸ்திரி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. படத்தில் இருந்ததைத்தான் கட்டினேன் என்றார், அவ்வளவுதான். அதிலிருந்து நான் மையக்கோட்டுக்கு டீட்டெய்ல் லைன் தொடுவதில்லை. மாடலிலிருந்து வராத மையக்கோட்டைவிட மையக்கோடே இல்லாத படம் மேல். இல்லையென்றால் சைட்டிலிருந்து போன் செய்து கேட்பார்கள்.

கோட்டின் தோற்றம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆப்ஜெக்ட் ஸ்டைல்ஸில் சென்டர்லைனுக்கு மிக மெல்லிய கோட்டு எடையும் (தடிமனும்) நீளக்கோடு–புள்ளி வகையும் கொடுங்கள். முழு புராஜெக்ட்டுக்கும் ஒரே இடத்தில் அமைந்துவிடும். பாலிடெக்னிக்கிலோ பொறியியல் கல்லூரியிலோ எஸ்பி 46 என்ற இந்திய வரைபடத் தரநூலைப் பார்த்து வரைந்தவர்களுக்கு இது நினைவிருக்கும்: மையக்கோடு என்றால் மெல்லிய சங்கிலிக் கோடு. ரெவிட்டில் கோட்டு வகையின் நீளங்கள் தாளின் அளவில் கணக்கிடப்படுகின்றன. நீளக்கோடு 12 மி.மீ. என்று வைத்தால் 1:100 படத்தில் அது கட்டடத்தில் 1.2 மீட்டர். டக்ட்டைச் சிறுசிறு துண்டுகளாக உடைத்து வைத்திருந்தால் ஒவ்வொரு துண்டிலும் கோட்டு வகை புதிதாக ஆரம்பிக்கும். புள்ளி வருவதற்குள் துண்டு முடிந்துவிடும். எல்லாம் தொடர்கோடாகத் தெரியும். நீளக்கோட்டை 5, 6 மி.மீ. அளவுக்குக் குறைத்தால் சரியாகிவிடும். அப்புறம், சப்ளை நீலம், ரிட்டர்ன் பச்சை என்று ஃபில்டர் (சிஸ்டம் வாரியாகப் பிரிக்கும் விதி) போட்டு நிறம் கொடுப்பது எல்லா அலுவலகத்திலும் உண்டு. அந்த ஃபில்டரில் கோட்டு வகையையும் எடையையும் நிரப்பிவிட்டால் மையக்கோடும் அதற்குள் விழுந்து, ஓரக் கோட்டைப் போலவே தடித்துத் தொடர்கோடாகிவிடும். ஃபில்டரில் நிறத்தை மட்டும் கொடுத்து மற்ற இரண்டையும் காலியாக விடுங்கள்.

உங்கள் மாடலை லிங்க் செய்து பார்க்கும் ஆர்க்கிடெக்ட்டின் திரையில் என்ன தெரியும் என்பது அவருடைய வியூவைப் பொறுத்தது. லிங்க் அமைப்பு பை ஹோஸ்ட் வியூ என்று இருந்தால் அவருடைய டிக்தான் செல்லும், உங்களுடையது இல்லை. சீலிங் பிளானில் மையக்கோடு வந்து தொந்தரவு செய்கிறது என்று அவர் சொன்னால் அதை அவர் பக்கம்தான் அணைக்க வேண்டும். டி.டபிள்யூ.ஜி. (ஆட்டோகேட் கோப்பு) ஆக எக்ஸ்போர்ட் செய்யும்போது சென்டர்லைன் உட்பிரிவுக்கு எக்ஸ்போர்ட் அமைப்பில் தனி லேயர் பெயர் கொடுத்துவிடுங்கள். வாங்குபவர் வேண்டாமென்றால் ஒரே சொடுக்கில் அணைத்துக்கொள்வார்.

இனி எதற்குக் காட்டுவது என்ற கேள்வி. டிராயிங் போர்டு காலத்தில் மையக்கோடுதான் முதலில் விழும். அதற்கு இருபுறமும் அளந்துதான் ஓரங்களை வரைவார்கள். கணினி வந்த பிறகு வரிசை தலைகீழாகிவிட்டது. உருவம் முதலில் வருகிறது, மையக்கோடு கடைசியில் ஒரு டிக். அதனால் அதை அலங்காரம் என்று நினைக்கும் பழக்கம் வந்துவிட்டது. அது ஓர் அளவின் ஆரம்பம். ஒரு கோட்டைக் காட்டுவதற்கு முன் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: சைட்டில் யாராவது இந்தக் கோட்டிலிருந்து அளவு டேப் பிடிப்பார்களா? பிடிப்பார்கள் என்றால் காட்டு, டைமென்ஷனும் போடு. இல்லையென்றால் அந்த வியூவில் அது வேண்டாம்.

அப்படிப் பார்த்தால் அழுத்த நீர் பைப்புக்கு மையக்கோடு கட்டாயம். வட்டப் பொருளுக்கு ஓரம் என்பது நிலையில்லாதது. பொருள் மாறினால் வெளிவிட்டம் மாறும், இன்சுலேஷன் 25-லிருந்து 50 ஆனால் மறுபடி மாறும்; மையம் மட்டும் அசையாது. பைப்பைத் தொங்கவிடும் கிளெவிஸ் ஹேங்கரின் ராட் இறங்குவது மையக்கோட்டின் மேல். ஸ்லாபில் கோர் அடிப்பதும் (வட்டத் துளையிடுவதும்) மையத்தைக் குறித்துத்தான். பம்பின் ஃபிளாஞ்சோடு பைப் சேர்வதும் மையத்துக்கு மையம். இங்கே உங்கள் கன்சல்டண்ட் கேட்டது நூற்றுக்கு நூறு சரி.

செவ்வக டக்ட்டுக்குக் கதை வேறு. பக்கவாட்டில் மையக்கோடு உதவும். கிரிட்டிலிருந்து டக்ட்டின் இருப்பிடம், டிஃப்யூசர் (காற்று வெளிவரும் வாய்) வரிசை, சுவர்த் துவாரத்தின் நடு, இதற்கெல்லாம் அதுதான் வசதி. உயரத்தில் அப்படி இல்லை. டக்ட் உட்காருவது ஆங்கிளின் மேல்; அதனால் மாட்டுபவருக்கு வேண்டியது அடிமட்டம். 600க்கு 300 டக்ட், அடிமட்டம் தரையிலிருந்து 2900 என்று வைத்துக்கொள்வோம். ரெவிட்டில் மிடில் எலிவேஷன் 3050 என்று காட்டும். அந்த 3050-ஐ அப்படியே படத்தில் எழுதினால், ஏணியில் நிற்பவர் தலையில் 150-ஐக் கழித்துக்கொண்டிருக்க வேண்டும். 25 மி.மீ. இன்சுலேஷன் இருந்தால் சீலிங் போடுபவருக்கு வேண்டியது 2875. அதனால் டக்ட் படத்தில் கிடைமட்ட டைமென்ஷன் மையக்கோட்டுக்கு, உயரம் டேக்கில் (படத்தில் ஒட்டும் குறிப்பில்) அடிமட்டமாக என்று பிரித்து வைப்பேன். மையக்கோடு திரையில் தெரிந்தால் டைமென்ஷன் பிடிப்பதும் சுலபம். ஓரத்தையே பிடித்துக்கொண்டிருந்தால் டேப் கீயைத் தட்டித்தட்டி மையத்துக்கு வரலாம்.

டக்ட் சிறியதாகும் இடத்தில் இன்னொன்றைக் கவனியுங்கள். பீமுக்கு அடியில் ஒட்டி ஓடும் டக்ட்டை 600க்கு 400-லிருந்து 600க்கு 300 ஆகக் குறைக்கும்போது மேல்மட்டம் சமமாக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். அப்போது மையம் 50 மி.மீ. மேலே போய்விடும். பக்கவாட்டில் ஒரு பக்கம் சமமாகக் குறைத்தாலும் இதே கதைதான்; பிளானில் மையக்கோடு ரெட்யூசருக்கு (அளவைக் குறைக்கும் துண்டுக்கு) அந்தப் பக்கம் விலகித் தெரியும். அது தவறில்லை, உண்மையே அதுதான். ஆனால் ரெட்யூசருக்கு முன்னால் ஒரே ஒரு டைமென்ஷனைப் போட்டுவிட்டு, கோடு நேராகத்தானே போகிறது என்று விட்டுவிட்டால் அடுத்த துவாரம் தவறிவிடும். விலகும் ஒவ்வோர் இடத்துக்குப் பிறகும் புதிதாக ஓர் அளவு போடுங்கள். வரையும்போதே ஜஸ்டிஃபிகேஷன் அமைப்பை நடு, மேல், கீழ், இடம், வலம் என்று சரியாகத் தேர்ந்திருந்தால் ரெவிட்டே சரியான ரெட்யூசரைப் போடும். வரைந்த பிறகும் ஜஸ்டிஃபை கட்டளையால் மாற்றலாம். பம்பின் சக்ஷன் (உறிஞ்சும்) பக்கம் ரெட்யூசரை மேல்பக்கம் தட்டையாக வைப்பார்கள், காற்று தங்காமல் இருக்க. அங்கேயும் மையம் விலகும். அங்கே ரெட்யூசரின் இரண்டு பக்கமும் மைய உயரத்தை எழுதுவது நல்லது.

கழிவுநீர் பைப்பில்தான் நான் கன்சல்டண்டின் குறிப்பை அப்படியே ஏற்கமாட்டேன். பிளானில் மையக்கோடு இருக்கட்டும், கிரிட்டிலிருந்து தூரம் சொல்ல அது வேண்டும். உயரத்துக்கு மட்டும் மையத்தைக் கொடுத்துவிடாதீர்கள். தண்ணீர் ஓடுவது பைப்பின் அடியில், பிளம்பர் பார்ப்பது இன்வெர்ட், அதாவது பைப்பின் உள் அடிமட்டம். மையத்துக்கும் இன்வெர்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் உள்விட்டத்தில் பாதி, 110 மி.மீ. பைப்பில் சுமார் 50 மி.மீ. நூற்றுக்கு ஒன்று சரிவில் 50 மி.மீ. என்பது 5 மீட்டர் ஓட்டத்தின் மொத்தச் சரிவு. மைய உயரத்தை இன்வெர்ட் என்று எடுத்துக்கொண்டு ஒரு முனையை வைத்துவிட்டால் சரிவே இல்லாமல் போகலாம், தண்ணீர் திரும்பிக்கூட வரலாம். சரிவுள்ள பைப்புக்கு இரண்டு முனையிலும் இன்வெர்ட் டேக், நடுவில் சரிவுக் குறி, அவ்வளவு போதும்.

கன்சல்டண்டிடம் எப்படிச் சொல்வது என்பதில் என்னால் உறுதி தர முடியாது. ஒவ்வொரு புராஜெக்ட்டிலும் வரைகலை விதி ஒன்று இருக்கும், அதில் எழுதியிருப்பதுதான் செல்லும். சிலர் டக்ட்டுக்கு ஓரத்திலிருந்துதான் அளவு வேண்டும் என்பார்கள், அதற்கும் காரணம் உண்டு. அவர் குறிப்பைப் புறக்கணிக்காமல், ஒரு தாளை மட்டும் நான் சொன்ன மாதிரி செய்து, குளிர்நீர் பைப்புக்கு மையம், டக்ட்டுக்கு மையமும் அடிமட்டமும், கழிவுநீருக்கு மையமும் இன்வெர்ட்டும் என்று காட்டி, மற்ற தாள்களும் இப்படியே போகலாமா என்று எழுதிக் கேளுங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஏனென்றால் அவர்கள் கேட்பது சைட்டில் வைக்கக்கூடிய ஓர் அளவைத்தான், கோடு அதற்கு ஒரு வழி.

இப்போது உங்கள் கோப்பில் செய்து பாருங்கள். பிரச்சினையுள்ள வியூவை நகலெடுங்கள். நகலில் டெம்ப்ளேட்டை எடுத்துவிட்டு ஃபைனுக்கு மாற்றுங்கள். ஃபில்டர்கள் எல்லாவற்றையும் அந்த நகலில் நீக்கிவிட்டு, மேலே சொன்ன ஆறு கேட்டகரியிலும் சென்டர்லைனுக்கு டிக் போடுங்கள். இப்போது பைப்பில் வந்துவிட்டால் பெரும்பாலும் டீட்டெய்ல் லெவல்தான் காரணம். எல்போவிலும் வந்துவிட்டால் டிக் விட்டுப்போயிருந்தது. நேர் துண்டுகளில் வந்து, குறிப்பிட்ட ஓர் எல்போவில் மட்டும் வரவில்லை என்றால் அந்த எல்போவைச் சொடுக்கி ஃபேமிலியின் பெயரைப் பாருங்கள். அதை எழுதினால், உள்ளே கோட்டை எப்படிக் கட்டுவது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.